அப்பா ஏன் ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறார்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகக் கொஞ்சம் திருத்தப்பட்டது.)

இந்த பாட்காஸ்டைக் கேட்கிறவர்களில் பெரும்பாலானோர் முப்பது வயதுக்குக் கீழே. இவர்களுக்கு புராஸ்டேட் பற்றி ஒரு முழு எபிசோட் எதுக்குடா என்று எடிட்டிங்கில் உதவுகிற நண்பனே கேட்டான். காரணம் ரொம்ப சாதாரணம். அப்பாவோட மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் முதலில் யாருக்கு வருகிறது? நமக்குத்தான். வாட்ஸ்அப்பில் ஒரு பிடிஎஃப், கீழே ஒரு வரி: "இதுல ஏதோ தடிச்ச எழுத்துல போட்டிருக்கான், என்னன்னு பாருப்பா." திறந்தால் ஸ்கேன் பக்கத்தில் 'புராஸ்டேட்டோமெகலி, கிரேடு 2'. ரத்தப் பரிசோதனைப் பக்கத்தில் 'பிஎஸ்ஏ 5.2'. அடுத்த நிமிஷம் நாம் கூகுளில். அதற்கடுத்த நிமிஷம் மனசு அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் வாசலில்.

நான் டாக்டர் இல்லை. பகல் முழுக்க சர்வர் அலர்ட்களோடு மல்லுக்கட்டுகிற சாஃப்ட்வேர் ஆள். அதனால் இந்த எபிசோடில் மருந்துச் சீட்டு கிடைக்காது. அந்த பிடிஎஃப்பைக் கையில் வைத்துக்கொண்டு யூராலஜிஸ்ட் முன்னால் உட்காரும்போது என்ன கேட்கணும், அவர் சொல்வது எதைப் பற்றியது என்று புரிகிற அளவுக்குப் பேசலாம்.

முதலில் அந்த உறுப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். சபா கேன்டீன் மெதுவடையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஓட்டை. சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே புராஸ்டேட் அந்த வடை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் குழாய் அந்த ஓட்டை வழியாகத்தான் போகணும். இளம் வயதில் இதன் எடை சுமார் 20 கிராம், ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு. இதன் வேலை விந்துத் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது. சிறுநீருக்கும் இதற்கும் எந்த சம்பந்தமும் கிடையாது. வழியில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் தகராறு.

வடையில் ஓட்டையை ஒட்டிய உள்பகுதி ஒன்று, மொறுமொறுவென்ற வெளி ஓரம் ஒன்று இருக்கும், இல்லையா? இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பாதி விஷயம் முடிந்தது. வயதாகும்போது வீங்குவது உள்பகுதி. அதனால் ஓட்டை குறுகும், சிறுநீர் தடைபடும். கேன்சர் வருவது பத்தில் ஏழு பேருக்கு வெளி ஓரத்தில். அங்கே ஒரு சின்னக் கட்டி வளர்ந்தால் குழாய் நசுங்காது. எந்தத் தொந்தரவும் தெரியாது.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிற அப்பாவுக்குக் கேன்சர் என்று பதற வேண்டியதில்லை. "எனக்கு யூரின் நல்லாத்தானே போகுது, எனக்கெதுக்கு டெஸ்ட்?" என்று கேட்கிற மாமாவின் லாஜிக்கும் வேலை செய்யாது.

புராஸ்டேட்டுக்கு வருகிற தொல்லைகளை மூன்றாகப் பிரிக்கலாம்: வயதோடு வரும் வீக்கம், அழற்சி, கேன்சர். ஒன்று முற்றி இன்னொன்றாக மாறுவதில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு இருக்கலாம், அது வேறு.

வீக்கம்தான் நம் வீடுகளில் அதிகம். அதிலேயே கொஞ்ச நேரம் இருப்போம். நரை மாதிரி இது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த வளர்ச்சி தெரியும், எண்பதைத் தாண்டியவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல். ஆனால் வீக்கம் இருக்கிற எல்லோருக்கும் தொந்தரவு இருக்காது. ஸ்கேனில் 35 கிராம் காட்டுகிற ஒருவர் பாத்ரூமில் பத்து நிமிஷம் நிற்பார். 80 கிராம் காட்டுகிற இன்னொருவர் ஜாலியாக இருப்பார். வீக்கம் ஓட்டைப் பக்கம் தள்ளுகிறதா, வெளிப்பக்கம் தள்ளுகிறதா என்பதுதான் கணக்கு. ஆகவே ரிப்போர்ட்டில் 'கிரேடு 2' என்று பார்த்தவுடன் அதை ஸ்டேஜ் 2 கேன்சர் மாதிரி படிக்காதீங்க. அது சைஸ், அவ்வளவுதான்.

தொந்தரவை அளக்க டாக்டர்கள் ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க யூராலஜி சங்கம் 1992-ல் கொண்டுவந்தது, இன்றைக்கும் உலகம் முழுக்க அதுதான். ஏழு கேள்விகள். முழுசாகக் காலியான உணர்வு இருக்கிறதா, நடுவில் நின்று நின்று வருகிறதா, முக்க வேண்டியிருக்கிறதா, வேகம் குறைந்திருக்கிறதா, அடக்க முடியாமல் ஓட வேண்டியிருக்கிறதா, இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போக வேண்டியிருக்கிறதா, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மார்க், மொத்தம் 35. ஏழு வரை லேசானது, 8 முதல் 19 நடுத்தரம், 20-க்கு மேல் கடுமை. எனக்குப் பிடித்தது எட்டாவது கேள்வி. அதற்கு இந்த மொத்தத்தில் மார்க் கிடையாது: "மிச்ச வாழ்க்கை முழுக்க இப்படியே இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?" இதை அப்பாவிடம் நேரில் கேட்டுப் பாருங்கள். அவர் பேச்சை மாற்றினாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

ராத்திரி எழுந்திருப்பதற்கெல்லாம் புராஸ்டேட்டின் மேல் பழி போடவும் முடியாது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் எழுந்திருப்பார்கள். கால் வீக்கம் இருப்பவர் படுத்ததும் அந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பி சிறுநீராக வரும். குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கும் ராத்திரியில் சிறுநீர் கூடும். எது காரணம் என்று பிரிக்க ஒரு மலிவான வழி இருக்கிறது, எங்கள் தொழிலில் அதை லாக் என்போம். மூன்று நாள், 24 மணி நேரமும், எத்தனை மணிக்குப் போனார், எத்தனை மில்லி என்று ஒரு பிளாஸ்டிக் அளவுக் கோப்பையும் நோட்டும் வைத்து எழுதுவது. ஒரு நாளின் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தூங்கும் நேரத்தில் வந்தால், வயதானவர்களைப் பொறுத்தவரை பிரச்சினை குழாயில் இல்லை, தயாரிப்பில். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் புராஸ்டேட்டையும் சிறுநீர்ப்பையையும் பார்க்கணும். இந்த நோட்டோடு போனால் டாக்டர் சந்தோஷப்படுவார். நிஜமாகவே.

சரி, இதெல்லாம் வயதானவர்களுக்கு சகஜம்தானே, அப்படியே விட்டால் என்ன? என் பெரியப்பாவின் கதையைச் சொல்கிறேன், அவர் அனுமதியோடு.

மந்தைவெளியில் இருக்கிறார், ரிட்டயர்ட். மார்கழி வந்தால் மயிலாப்பூர் சபாக்களிலேயே குடியிருப்பார். எப்போதும் வரிசையின் ஓரத்து சீட். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தால் எழுந்துவிடுவார். "மிருதங்கம்னா உங்களுக்கு அப்படி என்ன கோபம் பெரியப்பா?" என்று கிண்டல் செய்வோம், சிரிப்பார். சாயந்திரம் நாலு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்க மாட்டார். தி.நகருக்குத் துணி எடுக்கக் கூப்பிட்டால் ரங்கநாதன் தெருக் கூட்டம் ஒத்துவராது என்பார். அந்தத் தெருவில் பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, அதுதான் உண்மையான காரணம். வெளியூர்க் கல்யாணம் என்றால் பஸ் கிடையாது, ரயில் மட்டும். இப்படி மூன்று வருஷம் தன் வாழ்க்கையின் மேப்பை பாத்ரூம்களை வைத்தே வரைந்திருக்கிறார். வீட்டில் யாருக்கும் தெரியாது, பெரியம்மாவுக்குக்கூட.

ஒரு டிசம்பரில் அவருக்கு ஜலதோஷம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு சளி மாத்திரை வாங்கிப் போட்டார். அன்று ராத்திரி சிறுநீர் சுத்தமாக நின்றுபோனது. ஒரு மணிக்குப் பெரியம்மா போன் செய்தார். நான் போனபோது சோபாவின் நுனியில் வியர்த்துக் கொட்டி உட்கார்ந்திருந்தார், அடிவயிறு உருண்டையாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் டியூப் போட்டதும் வெளியே வந்தது 900 மில்லி. சாதாரணமாக 400, 500 வந்தாலே நமக்குத் தாங்காது. ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியிருந்தது, ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருந்தன. ட்யூட்டி டாக்டர் எத்தனை நாளாக என்று கேட்டார். "மூணு வருஷமா இப்படித்தான் சார், இன்னிக்குத்தான் மொத்தமா நின்னுபோச்சு. வயசானா வர்றதுதானேன்னு விட்டுட்டேன்."

உள்ளே நடந்தது இதுதான். வழி குறுகக் குறுக, சிறுநீர்ப்பையின் தசை அதிக அழுத்தம் கொடுத்துத் தள்ளுகிறது. ஜிம்முக்குப் போன கை மாதிரி தடிக்கிறது. கொஞ்ச காலம் சமாளிக்கும். பிறகு களைத்துவிடும். ஒவ்வொரு தடவையும் உள்ளே கொஞ்சம் மிச்சம் நிற்கும், அந்த மிச்சத்தில் கிருமித்தொற்று வரும், கல் உருவாகும். அழுத்தம் பின்னோக்கிப் போய் சிறுநீரகத்தைத் தாக்கும். இந்த நிலையில் இருப்பவர் சளி மாத்திரை போட்டால்? நம் ஊரில் விற்கிற பல கூட்டு மாத்திரைகளில் பினைலெஃப்ரின் இருக்கும். அது மூக்கடைப்பை நீக்க ரத்தக்குழாயை இறுக்குகிற மருந்து, கூடவே புராஸ்டேட் தசையையும் இறுக்கும். குளோர்ஃபெனிரமினும் இருக்கும், அது சிறுநீர்ப்பையின் தள்ளும் சக்தியைக் குறைக்கும். ஒன்று கதவைச் சாத்துகிறது, இன்னொன்று தள்ளுகிற கையைப் பிடித்துக்கொள்கிறது. குளிர் வேறு. ஐம்பது தாண்டிய அப்பாவுக்கு சளி மாத்திரை வாங்கும்போது "அவருக்கு புராஸ்டேட் பிரச்சினை இருக்கு" என்று கடையில் சொல்லி வாங்குங்க. இந்த எபிசோடிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதாக இருந்தால் அது இதுவாகக்கூட இருக்கலாம்.

டியூபும் யூரின் பேக்குமாக வீட்டுக்கு வந்த பெரியப்பா பத்து நாள் வாசலுக்கே வரவில்லை. பார்க்க வந்தவர்களிடம் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னார். அந்தப் பை லுங்கிக்குள், அதன் மேல் ஒரு துண்டு.

இதே ஊரில் அப்படிப்பட்ட டியூபோடு மேடையேறிய ஒருவரும் இருந்தார். பெரியார். கடைசி வருஷங்களில் சிறுநீருக்கு டியூப் போட்டு, அந்த மூத்திர வாளியையும் வேனில் ஏற்றிக்கொண்டு தமிழ்நாடு முழுக்கச் சுற்றினார். அதை அவர் மறைக்கவும் இல்லை, யாரும் மறைத்துப் பேசவும் இல்லை. இன்றைக்கும் மேடைப் பேச்சுகளில் அந்த வாளி வந்துவிடும். 1973 டிசம்பர் 19, இதே தி.நகரில் அவருடைய கடைசிக் கூட்டம். வயது 94. குடலிறக்க வலியில் நடுநடுவே முனகிக்கொண்டே பேசினார். ஐந்து நாள் கழித்து, 24-ம் தேதி, வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் இறந்தார். அவர் கொள்கை உங்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது வேறு எபிசோட். அவருக்கு இருந்த நோயின் பெயரும் இங்கே முக்கியமில்லை. பையோடு ஒரு மனுஷன் லட்சம் பேர் முன்னால் உட்காரலாம் என்பது நம் ஊருக்கு அம்பது வருஷம் முன்னாலேயே தெரியும். ஆனாலும் மந்தைவெளியில் ஒருவர் காய்ச்சல் என்று சொல்லச் சொல்கிறார்.

இதற்கு மருத்துவம் இருக்கிறது, ரொம்ப காலமாகவே. முதல் வகை மாத்திரை, டாம்சுலோசின் மாதிரி. வடையின் சதையை இளக்கும். சில நாளிலேயே வித்தியாசம் தெரியும். திடீரென்று எழுந்தால் தலைசுற்றலாம், விந்து வெளிவருவது குறையலாம். இன்னொன்று, கண்புரை ஆபரேஷனுக்குப் போகிறவர் இந்த மாத்திரை சாப்பிடுவதை, முன்பு சாப்பிட்டிருந்தால்கூட, கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லணும். கருவிழிக்குப் பின்னால் இருக்கிற ஐரிஸ் தொளதொளவென்று ஆகி ஆபரேஷன் சிக்கலாகும். 2005-ல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். தெரிந்திருந்தால் சர்ஜன் சமாளித்துக்கொள்வார். இரண்டாவது வகை ஃபினாஸ்டெரைடு, டுடாஸ்டெரைடு. இவை வீக்கத்தையே சுருக்கும், ஆனால் ஆறு மாதம் பொறுமை வேண்டும். இதுவும் போதாது என்றால் குழாய் வழியாகவே உள்ளே போய் உள்சதையைச் சுரண்டி எடுக்கும் ஆபரேஷன், அல்லது லேசர். வயிற்றைக் கிழிப்பதெல்லாம் இப்போது அபூர்வம். பெரியப்பாவுக்கு லேசர் செய்தார்கள். கிரியேட்டினின் பெருமளவு இறங்கியது, முழுசாக இறங்கவில்லை. அடுத்த மார்கழியில் வரிசையின் நடுவில் சீட் வாங்கி தனி ஆவர்த்தனம் கேட்டார். மிருதங்கம் நன்றாகவே இருக்கிறதாம்.

இப்போது நம் வயதுக்கு வருவோம். ஐம்பது வயதுக்குக் கீழே இருக்கும் ஆண்கள் யூராலஜிஸ்டிடம் போகிற பிரச்சினைகளில் முன்னணியில் இருப்பது புராஸ்டேட் அழற்சி. இதிலும் இரண்டு முகம். ஒன்று கிருமியால் திடீரென்று வருவது: குளிர் ஜுரம், அடியில் கடும் வலி, சிறுநீர் எரிச்சல், சில நேரம் அடைப்பு. இதற்கு அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஆன்டிபயாட்டிக் வாரக்கணக்கில் போகும், ஜுரம் விட்டதும் நிறுத்தக் கூடாது. இன்னொன்றுதான் பையன்களை அலைக்கழிப்பது. மூன்று மாதத்துக்கு மேலாக, விதைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் ஒரு மந்தமான வலி. உட்கார்ந்தால் கூடும், விந்து வெளியேறும்போது வலிக்கும், டெஸ்ட் எல்லாம் நார்மல். அழற்சி என்று சொல்லப்படுகிற கேஸ்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இந்த வகைதான், இதில் கிருமி கிடைப்பதில்லை. ஆனாலும் ஒரு டாக்டர் ஒரு ஆன்டிபயாட்டிக், அடுத்த டாக்டர் இன்னொன்று என்று கோர்ஸ் கோர்ஸாகப் போகும்.

அடையாறில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற ஒரு நேயர் எனக்கு நீளமாக எழுதியிருந்தார். இந்த வலி அவருக்கு ஏழு மாதம். யாரிடமும் சொல்லவில்லை. 'கைப்பழக்கத்தால் வந்த வினை' என்று அவரே தீர்ப்பெழுதிக்கொண்டு, ராத்திரி டிவி விளம்பரத்தில் வந்த ஒரு வைத்தியரிடம் சம்பளத்தில் பாதியைக் கொடுத்திருக்கிறார். இந்த விளம்பரங்களுக்கு நம் ஊரில் பெரிய வரலாறு உண்டு. மாதத்தில் இன்ன தேதி இன்ன லாட்ஜில் சந்திக்கலாம் என்று சுவரில் எழுதின காலத்திலிருந்து இவர்கள் விற்பது ஒரே சரக்கு, உங்கள் குற்றவுணர்ச்சி. சுயஇன்பத்தால் புராஸ்டேட் கெடுவதில்லை. இந்த வலி பெரும்பாலும் இடுப்பின் அடித்தளத் தசைகள் இறுகிக் கிடப்பதோடும் நரம்புகளோடும் மனஅழுத்தத்தோடும் பின்னிக் கிடக்கிறது. அந்தத் தசையைத் தளர்த்தச் சொல்லித்தரும் பிசியோதெரபி நிறையப் பேருக்கு உதவுகிறது. மெதுவாகத்தான் சரியாகும். அந்த நேயர் இப்போது யூராலஜிஸ்டிடம் போகிறார்.

கடைசியாக, எல்லோரும் பயந்துகொண்டு காத்திருக்கிற விஷயம்.

அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டை 1954-ல் 12 படுக்கைகளோடு ஆரம்பித்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைக் கேன்சருக்குப் பறிகொடுத்தவர். அங்கேதான் சென்னையின் கேன்சர் பதிவேடும் இருக்கிறது, 1982-லிருந்து நகரத்தில் யாருக்கு என்ன கேன்சர் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஏபிஐ கிடையாது, ஆட்டோமேஷன் கிடையாது. பணியாளர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், இறப்புப் பதிவுகளைப் புரட்டிச் சேர்த்த டேட்டா. தரமான பைப்லைன் என்றால் எனக்கு இதுதான். அந்தப் பதிவேட்டில் ஆண்களுக்கு வரும் முதல் பத்துக் கேன்சர்களுக்குள் புராஸ்டேட் இருக்கிறது, வருஷம் போகப்போக ஏறியும் இருக்கிறது. நாம் அதிக காலம் வாழ்கிறோம், அதிகமாக டெஸ்டும் செய்கிறோம், இரண்டும் காரணம்.

இதற்கான டெஸ்ட்தான் பிஎஸ்ஏ. புராஸ்டேட் சுரக்கிற ஒரு புரதம், விந்தை நீர்க்கச் செய்வது அதன் வேலை. கொஞ்சம் ரத்தத்தில் கசியும். அமெரிக்காவில் 1986-ல் இதை அனுமதித்தது ஏற்கெனவே கேன்சர் இருப்பவர்களைக் கண்காணிக்க. 1994-ல்தான் கண்டுபிடிக்கவும் உபயோகிக்கலாம் என்றார்கள். 4 என்ற கோடு அப்படி வந்ததுதான். இதை ஒரு சர்வர் அலர்ட் மாதிரி பாருங்கள். அலர்ட் வந்தால் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம், சர்வர் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. வீக்கம் இருந்தால் ஏறும். கிருமித்தொற்று இருந்தால் தாறுமாறாக ஏறும். டியூப் போட்டிருந்தால் ஏறும். டெஸ்ட்டுக்கு முந்தின இரண்டு நாளில் விந்து வெளியேறியிருந்தாலும் கொஞ்சம் ஏறும் (அப்பாவிடம் இதை நீங்கள் கேட்க வேண்டாம், டாக்டர் கேட்பார்). 4-லிருந்து 10 வரை இருப்பவர்களில் கேன்சர் இருப்பது சுமார் நான்கில் ஒருவருக்கு. மறுபக்கம், 2004-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 4 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களுக்கு பயாப்சி எடுத்துப் பார்த்தபோது 15 சதவீதம் பேருக்குக் கேன்சர் இருந்தது. ஃபால்ஸ் பாசிட்டிவும் உண்டு, ஃபால்ஸ் நெகட்டிவும் உண்டு.

ஆகவே அப்பாவின் 5.2-க்கு முதல் பதில், தொற்று இருக்கிறதா என்று சிறுநீரைப் பார்த்துவிட்டு, சில வாரம் கழித்து மறுபடி எடுப்பது. பழைய ரிப்போர்ட் இருந்தால் தேடி எடுங்கள். பிறகு டாக்டர் விரலால் பரிசோதிப்பார். தேவைப்பட்டால் எம்ஆர்ஐ, அதில் சந்தேகம் இருந்தால் பயாப்சி.

அப்புறம் ஏன் எல்லா ஆண்களுக்கும் பிஎஸ்ஏ எடுக்கச் சொல்லி அரசாங்கங்கள் உத்தரவு போடவில்லை? இது நியாயமான கேள்வி, பதில் கொஞ்சம் சிக்கலானது. ஐரோப்பாவில் எட்டு நாடுகளில் 1,60,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து நடந்த ஆய்வின் 23 வருஷ முடிவு 2025-ல் வந்தது. டெஸ்ட்டுக்கு அழைக்கப்பட்டவர்களில் புராஸ்டேட் கேன்சர் சாவு 13 சதவீதம் குறைவு. ஒரு உயிரைக் காப்பாற்ற 456 பேரை டெஸ்ட்டுக்கு அழைக்கணும், கூடுதலாக 12 பேருக்குக் கேன்சர் என்று பெயர் சூட்டணும். அந்தப் பன்னிரண்டில் பலருடையது ஆமை மாதிரி நகர்கிற வகை, அவர்கள் வேறு எதனாலோதான் இறப்பார்கள். அவர்களுக்கெல்லாம் ஆபரேஷன் செய்தால் சிறுநீர்க் கசிவு, ஆண்குறி விறைப்பில் பிரச்சினை. பிரிட்டனில் ஆரம்ப நிலைக் கேன்சர் உள்ள 1,643 பேரை ஆபரேஷன், கதிர்வீச்சு, வெறும் கண்காணிப்பு என்று மூன்றாகப் பிரித்து 15 வருஷம் பார்த்தார்கள். மூன்று குழுவிலும் சுமார் 97 சதவீதம் பேர் இந்தக் கேன்சரால் சாகவில்லை. 'கேன்சர், ஆனால் இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், பார்த்துக்கொண்டே இருப்போம்' என்று டாக்டர் சொன்னால் அது அலட்சியம் இல்லை. இதைத் தாத்தா பாட்டிக்குப் புரியவைப்பதுதான் கஷ்டம்.

மறுபக்கமும் இருக்கிறது. ஜோ பைடனுக்கு 2025 மே மாதத்தில் கண்டுபிடித்தபோது எலும்புக்குப் பரவியிருந்தது. அவர் கடைசியாக பிஎஸ்ஏ எடுத்தது 2014 என்று அவர் தரப்பில் சொன்னார்கள். எழுபதுக்கு மேல் வழக்கமாக எடுக்க வேண்டாம் என்பது அமெரிக்கப் பரிந்துரை. நம் ஊரிலும் முதுகுவலி என்று ஆர்த்தோ டாக்டரிடம் போய், எக்ஸ்ரேயில் பரவினது தெரிந்து, அதன் பிறகு புராஸ்டேட்டுக்கு வருகிறவர்கள் உண்டு. அந்த நிலையிலும் மருந்து இருக்கிறது. ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இந்தக் கேன்சர் சுருங்கும் என்று 1941-லேயே சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார், 1966-ல் நோபல் பரிசு வாங்கினார். இன்றைய சிகிச்சை அதன் வாரிசுதான். பல வருஷம் வாழ்கிறார்கள். ஆனால் அது குணமாவது இல்லை.

என் கணக்கு இது. அப்பாவுக்கு 55-லிருந்து 69-க்குள் இருந்தால், டாக்டரிடம் உட்கார்ந்து இந்த லாப நஷ்டத்தைப் பேசி அவரே முடிவெடுக்கட்டும். மாஸ்டர் செக்கப் பேக்கேஜில் ஓசியாகச் சேர்த்துவிட்ட டெஸ்டாக அது இருக்க வேண்டாம். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இந்தக் கேன்சர் இருந்தால் உங்கள் ஆபத்து சுமார் இரண்டு மடங்கு, நாற்பது நாற்பத்தைந்திலேயே பேச்சை ஆரம்பிக்கணும். அம்மா பக்கத்தையும் கேளுங்கள். சித்திக்கு மார்பகக் கேன்சர், பாட்டிக்குக் கருப்பைக்குப் பக்கத்தில் ஏதோ கட்டி என்று நம் வீடுகளில் மூடி மூடிச் சொல்வார்கள். பிஆர்சிஏ2 என்ற மரபணு மாற்றம் குடும்பத்தில் ஓடினால் அது ஆண்களுக்குத் தீவிரமான புராஸ்டேட் கேன்சராக வரலாம். சிறுநீரில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூங்கவிடாத எலும்பு வலி, இவற்றுக்கு வயது வரம்பெல்லாம் கிடையாது, உடனே போகணும்.

முடிக்கும் முன் ஒரு கேள்வி. போன எபிசோடுக்குப் பிறகு நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள்: "முடி கொட்டாம இருக்க ஃபினாஸ்டெரைடு போடறேன், அது புராஸ்டேட் மாத்திரையாமே?" ஆமாம், அதேதான். டொமினிகன் குடியரசில் ஒரு கிராமத்தில், ஒரு என்சைம் பிறவியிலேயே குறைவாக இருந்த ஆண்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் புராஸ்டேட் சின்னதாகவே இருந்தது, வழுக்கையும் விழவில்லை. 1974-ல் இது ஆய்வுக்கட்டுரையாக வந்தது. அந்த என்சைமைத் தடுக்கிற மருந்தாக 1992-ல் 5 மில்லிகிராம் புராஸ்டேட்டுக்கு வந்தது, 1997-ல் 1 மில்லிகிராம் தலைமுடிக்கு. சிலருக்கு ஆசை குறையலாம், விறைப்பில் மாற்றம் வரலாம், மனச்சோர்வும் பதிவாகியிருக்கிறது, அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இன்னொன்று, முடி மாத்திரையாக இருந்தாலும் இது பிஎஸ்ஏ-வைச் சுமார் பாதியாகக் குறைத்துவிடும். மாதக்கணக்கில் சாப்பிடுகிற ஒருவருக்கு ரிப்போர்ட்டில் 2.5 வந்தால் அதை 5 என்று படிக்கணும். லேபுக்கு இது தெரியாது, டாக்டருக்கும் நீங்கள் சொன்னால்தான் தெரியும். அப்பாவும் ரகசியமாக முடி மாத்திரை போடுகிறாரா என்று அவருடைய டிராயரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.